ஒரு வாரம் முந்தி எரிந்த திரி

வேங்கிக்கால்,
திருவருகைக் காலம், இரண்டாம் வாரம், வியாழன்.

சூரத் நகரத்துத் துணி ஆலைகளையெல்லாம் ஒற்றைத் தோளில் சுமக்கும் என் அண்ணன் மகன் அறிவுச்செல்வனுக்கு, திருவண்ணாமலை ஜில்லாவின் ஒரே அழகனான உன் சித்தப்பா சவரிநாதன் ஆண்டவர் பெயரால் ஆசி கூறி எழுதுவது.

போனில் சொன்னால் "சரி சித்தப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால் ஜவுளி எடுக்க சூரத் வரும் நம் பக்கத்து வீட்டு காசிம் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஊரில் சுகம். தீபத்துக்கு முப்பது கோடிப் பேர் வந்தார்கள். அதில் இருபத்தொன்பது கோடிப் பேர் நம் வாசலில்தான் பைக்கை நிறுத்தினார்கள். மலைமேல் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

நம் வீட்டிலும் எரிந்தது, அதுதான் சேதி. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமும் திருவருகை வளையத்தில் வாரம் ஒரு மெழுகுத்திரி ஏற்றுகிறோமே, அதில் இளஞ்சிவப்பு மட்டும் மகிழ்ச்சிக்கு உரியது, மூன்றாம் ஞாயிறுதான் ஏற்ற வேண்டும். போன வருஷம் கரண்டு போனபோது வெளிச்சத்துக்காக நான் அதைத் தொட்டதற்கு, உன் மனைவி அபிநயா நாலு நாள் என் காபியில் சர்க்கரையை நிறுத்தினாள். அப்பேர்ப்பட்டவள் இந்தத் திங்கட்கிழமை பட்டப்பகலில் அதைப் பற்றவைத்துவிட்டு நிற்கிறாள். போலீசைக் கூப்பிடுவதா, சாமியாரைக் கூப்பிடுவதா என்று திகைத்துப்போனேன்.

"அடுத்த வாரத்துதுன்னு தெரியும் மாமா. கை கேக்கல" என்று போனை நீட்டினாள்.

நீங்கள் தத்துக்குப் பதிவு செய்து நாலு வருஷம் கழித்து அழைப்பு வந்திருக்கிறது. பெண் குழந்தை. எட்டு மாதம்.

உடனே உனக்குப் போன் போட்டுச் சொன்னாள். நீ "பாக்கலாம், லீவு கஷ்டம்" என்றாயாம். பேசி முடித்ததும் திரியை ஊதி அணைத்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முறைப்படி ஏற்றிக்கொள்ளலாம் என்றாள். போன மாதம் பதிவிலிருந்து பேரை எடுத்துவிடலாம் என்று நீ சொன்னபோதும் எடுக்காமல் இருந்தவள் அல்லவா.

நேற்று வேலூர் இல்லத்துக்குப் போய்க் குழந்தையைப் பார்த்தோம். என் மீசையைப் பிடித்தாள் பார், பன்னிரண்டு ஆயாக்கள் சேர்ந்தும் விடுவிக்க முடியவில்லை. இவள் வளர்ந்தால் ஜில்லாவில் ஒரு மீசை மிஞ்சாது.

திரும்பும்போது பஸ்ஸில் அபிநயா சொன்னாள், "அவருக்கு வேணாம்னு இல்ல மாமா. கொழந்தைய வளக்கத் தெரியுமான்னு பயப்படறாரு."

மகனே, கல்யாணம் கட்டாத எனக்கு மட்டும் என்ன தெரியும்? உன்னைத் தூக்கக்கூட உன் அம்மா என்னை நம்பியதில்லை. நேற்று கையை எங்கே வைப்பது என்று நான் யோசிப்பதற்குள், குழந்தையே என் சட்டையைப் பிடித்து ஏறி, தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். இந்தக் கடிதத்தில் இது ஒன்றை மட்டும் நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

இருபத்திரண்டாம் தேதி நீங்கள் இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். வருகிற வழியெல்லாம் ஆண்டவர் உனக்குத் துணையிருக்கட்டும். வந்துவிடு, கண்ணு.

உன் சித்தப்பா,
சவரிநாதன்