உன் ஆம்ப்ளிஃபையரை நான் கொடுக்கவில்லை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே மாமா, பாப்பா, நான் எல்லாரும் சௌக்கியம். பிரஸ் மெஷினில் மாட்டிய இடது கையின் கட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று போனில் சொன்னாய். இரண்டு விரல் இனி மடங்காது என்பதையும் ஏதோ பஸ் லேட் என்பது போலச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். போனில் கேட்டால் பேச்சை மாற்றுவாய். அதனால்தான் கடிதம். இதைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

நீ சொன்னபடி உன் டிரம்ஸ் நண்பன் ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்தான். இனிமேல் நீ கிட்டாரைத் தொடப்போவதில்லை, அந்த ஆம்ப்ளிஃபையர் பெட்டியை, வாசிக்கிறவன் யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாய் என்றான். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த சனியன் ஒழிந்தது என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான், மறைப்பானேன். நீ வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து துவைத்த துணியை மடித்து அதன் மேல்தான் வைக்கிறேன். அதைப் பார்த்ததும் அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

இத்தனை பெரிய சாமானை வைத்துக்கொண்டு கொசு பாடுகிற மாதிரிதானே வாசித்தான், இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். மாமா ராத்திரி வேலை முடிந்து பகலில் தூங்குகிறார் என்பதால், நீ இந்த வீட்டில் வால்யூம் குமிழை ஒன்றுக்கு மேல் திருப்பியதே இல்லையாமே.

"அக்கா, இது நூறு வாட். நீங்க இன்னும் இதைக் கேட்கவே இல்ல" என்றான்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. போகிறதுதான் போகிறது, ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று கிட்டாரையும் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டேன்.

அவன் வேலை பார்க்கும் மரச்சாமான் கிடங்கில் இறக்கினோம். லீவு நாள், ஈ காக்கை இல்லை. வயரெல்லாம் சொருகின பிறகுதான் எங்கள் இரண்டு பேருக்குமே கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது உறைத்தது. நான் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. வழியில் எங்கோ இடித்து உடைத்துவிட்டோம் என்று சொருகின வயரையெல்லாம் மறுபடி அமுக்கிப் பார்த்தேன். அவன் சிரித்தான். பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரி உள்ளே வால்வுகள் சூடாக வேண்டுமாம், அப்புறம்தான் இரண்டாவது சுவிட்சாம். பின்னால் குனிந்து பார்த்தேன். கண்ணாடிக் குழாய்க்குள் செக்கச்செவேலென்று கங்கு. இதன் மேலா தலையணை உறையை அடுக்கினேன்?

பிறகு அவன் குமிழை ஆறில் வைத்து, தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினான். தம்பி, எப்படிச் சொல்வேன். காதுக்கு வருமுன் நெஞ்சில் வந்து முட்டியது. அடுக்கி வைத்த நாற்காலிகள் கிடுகிடுத்தன. ஒரு பொத்தானை அமுக்கினால் துடைத்த கண்ணாடி போலச் சுத்தமான ஒலி. இன்னொன்றை அமுக்கினால் லாரி மேட்டில் ஏறுகிற உறுமல். ஒரே பெட்டிக்குள் இத்தனை பேர் எப்படிக் குடியிருக்கிறார்கள் என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

இனி சொல்வதை நிதானமாகப் படி. கிட்டாரை நான் வாங்கி மாட்டிக்கொண்டேன். இடது கையால் கம்பி எதையும் அழுத்தவில்லை, எனக்கு அழுத்தத் தெரியாது. வலது கையால் அந்த ஒரு கம்பியை மெல்ல வருடினேன், மெல்லப் பேசியது. ஓங்கித் தட்டினேன், உறுமியது. குமிழை யாரும் தொடவில்லை. என் கையில் எவ்வளவு கோபம், எவ்வளவு பயம் என்பது வரைக்கும் அதற்குத் தெரிந்தது. அடித்துவிட்டுப் பெட்டி முன்னால் அப்படியே நின்றேன். அடங்கிவிடும் என்று பார்த்தால் ஒலி வளர்ந்துகொண்டே போனது. ஒரு அடி நகர்ந்தால் வேறு குரலில் பாடியது. உடம்பெல்லாம் புல்லரித்து, அழுதேவிட்டேன். உன் நண்பனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கிடங்கில் ஒரே தூசி என்றான்.

தையல் மெஷின் மிதிக்கிற எனக்கே, ஒற்றைக் கம்பிக்கே, இவ்வளவு கொடுத்ததடா அது. உன் வலது கைக்கு ஒன்றும் ஆகவில்லையே? இடது கையிலும் மூன்று விரல் நீ சொன்னபடி கேட்கிறதே? பழைய ஓட்டம் வராது, நான் பொய் சொல்லமாட்டேன். ஆனால் வாசிக்கிறவன் யாருக்காவது கொடு என்றாய். எனக்குத் தெரிந்து வாசிக்கிறவன் நீ ஒருத்தன்தான்.

அதனால் கொடுக்கவில்லை. கிடங்கு முதலாளியிடம் கேட்டாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை என்ன கூத்தடித்தாலும் சரி என்றாராம். ஒரு மூலையில் வைத்து, மேலே எதையும் வைக்காதீர்கள் என்று நானே எழுதி ஒட்டிவிட்டு வந்தேன்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடு. விரலுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை விடாதே. நீ நன்றாக இருப்பாய், என் கண்ணே. லீவு கிடைத்ததும் வந்துவிடு. உன் நண்பன் குமிழைப் பத்து வரைக்கும் திருப்பச் சொன்னான். நான் ஆறோடு நிறுத்திவிட்டேன். மிச்சம் உனக்கு.

உன் வரவை எதிர்பார்க்கும்
அக்கா