அது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை இல்லை

இன்று காலை மலையேறும்போதே எனக்கு வேர்த்துவிட்டது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டக் குளிரில் மற்றவர்கள் ஸ்வெட்டரோடு கொழுந்து பறிக்க, நான் மட்டும் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். சிநேகிதியே, பக்கத்து நிரையில் நீ இருந்திருந்தால், "ஒனக்குள்ள பெக்டரி அடுப்ப மூட்டிட்டாங்கடி" என்று கேலி செய்திருப்பாய்.

முப்பத்தாறு வயதில் எனக்கு மாதவிலக்கு நின்றபோது லயத்து வீடுகளில் எல்லோரும் என் வயிற்றைத்தான் பார்த்தார்கள். மகளுக்குப் பிறகு இத்தனை வருடம் கழித்து ஒன்று தங்கிவிட்டது என்று மாமியார் பூரித்துப்போனார். நீதான் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாய். இரத்தம் சோதித்த டாக்டரம்மா, இது கர்ப்பமில்லை, சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துவிட்டது, நான் செய்த எதனாலும் வந்ததல்ல என்றார். எலும்புக்கும் இதயத்துக்கும் காவலாக, இயல்பாக நிற்கும் வயது வரும்வரை ஹோர்மோன் மாத்திரை எடுக்கச் சொன்னார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். நீ ஆறுதல் சொல்லவில்லை, வடை வாங்கித் தந்தாய்.

கர்ப்பமில்லை என்று மட்டும்தான் வீட்டில் சொல்லியிருந்தேன். ஒளித்துவைத்த மாத்திரை அட்டை மாமியார் கண்ணில் பட்டதுதான் வினையாகப் போயிற்று. லயத்துப் பெண்கள் தினமும் அட்டையிலிருந்து எடுத்து விழுங்குவது கர்ப்பத்தடை மாத்திரை ஒன்றைத்தானே. பேரப்பிள்ளை வேண்டாமென்று நான் களவாகக் குடும்பக் கட்டுப்பாடு செய்வதாக வாசலில் நின்று கத்தினார். வீட்டுக்காரரும் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். மருந்தே வேண்டாம், குடும்பம் இருந்தால் போதும் என்று நினைத்தேன். நீ விட்டால்தானே! இருவரையும் உட்காரவைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய்.

"நீயே சொல்லு புள்ள. நான் சொன்னா வக்காலத்தும்பாங்க. ஒடம்பு ஒன்னோடது."

நாக்குக் குழறச் சொன்னேன். இனிப் பிள்ளை தங்குவது அரிது என்பதையும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் எழுந்துபோய்த் தண்ணீர் மொண்டுவந்து, மாத்திரையோடு என் முன்னால் வைத்தார். மாமியாருக்கு மனம் ஆறத்தான் மாதக்கணக்கானது.

நீ கண்ணை மூடி ஒரு வருடமாகிறது. உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனவள், உன் காய்ச்சலுக்கு மட்டும் உன்னை இழுத்துப்போக யாரையும் விடவில்லையே.

இப்போது கிளினிக்குக்கு மாமியார்தான் கூட வருகிறார். போன தடவை பஸ்ஸில் ஒரு பெண், எனக்கு என்ன சுகமில்லை என்று அவரிடம் மெதுவாகக் கேட்டாள். அவர் தயங்கினார். நானே சொன்னேன்.

"வயசுக்கு முந்தியே நின்னு போச்சுங்க. மருந்து எடுக்குறேன். நல்லா இருக்கேன்."

குரல் தாழவில்லை. சொல்லி முடித்ததும், சரியாகச் சொன்னேனா என்று கேட்க உன் பக்கம் திரும்பினேன். அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம்.