சிவப்பு மேலே

யூலை 3, 2025 – வியாழன்

குருநகருக்குப் போனது வீண்.

செபநாயகத்தாரின் வீட்டில், கம்பியில் கட்டிப் பறக்கவிடும் சின்ன விமானத்தின் எஞ்சின் ஒன்று பெட்டியோடு கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஓடினேன். இரண்டரை சீசீ டீசல் எஞ்சின், உள்ளங்கையில் அடங்கும். அவருடைய தமையன் கப்பலில் வேலை செய்த காலத்தில் கொண்டுவந்தது. இந்தக் குடாநாட்டில் இனி அப்படியொன்று கிடைக்காது. இருந்த எஞ்சின்களைச் சண்டைக் காலத்தில் பயத்தில் கிணற்றில் போட்டவர்கள் பாதி, புதைத்துவிட்டு இடம் மறந்தவர்கள் பாதி.

செபநாயகத்தார் முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தார். "நேற்றுப் பின்னேரம் சாவகச்சேரியிலை இருந்து ஒரு மாஸ்டர் வந்து வாங்கிக்கொண்டு போட்டாரே" என்றார்.

பெயர் கேட்க வேண்டிய தேவையே இல்லை. பரமலிங்கம். என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். போன வருடம் அளவெட்டியில் எண்ணெய்த் தாங்கி, அதற்கு முதல் கோப்பாயில் விசிறி. எங்கே போனாலும் எனக்கு ஒரு நாள் முன்னால் அவன் போயிருப்பான். என் வாழ்க்கையே அப்படித்தான்.

மிஞ்சியது ஒரு கம்பிச் சுருள். முறுக்குக் கம்பி, அறுபதடி, இரண்டு இழை, ஒரு பொட்டுத் துரு இல்லை. அவன் கண்ணில் படவில்லை. அலுமாரியில் சாரங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அவன் செத்தாலும் இது அவனுக்குக் கிடைக்காது.

யூலை 5 – சனி

என்னிடமுள்ள பழைய எஞ்சின் ஒன்று இறுகிக் கிடந்தது. உள்ளே ஆமணக்கெண்ணெய் காய்ந்து பசையாகிவிட்டது. மனைவி குணலட்சுமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துப் பிட்டுச் சட்டியில் வைத்து அதற்கு ஆவி காட்டினேன். இளகிவிட்டது. சட்டி மணக்கிறது. இரவுக்குப் பிட்டு இல்லை, கடைப் பாண்தான்.

யூலை 11 – வெள்ளி

கோட்டில் சாட்சி சொல்வதுபோல ஒருமுறை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். என்றைக்காவது எனக்கே மனம் இளகினால் எடுத்து வாசிக்க உதவும்.

1982, மாசி மாதம். எங்கள் கல்லூரி மைதானம், கம்பி விமானப் போட்டி. எனக்குப் பதினெட்டு வயது. றிமோட் எல்லாம் இல்லாத காலம். ஓட்டுபவன் நடுவில் நிற்பான், விமானம் அவனைச் சுற்றிப் பறக்கும். இடையில் இரண்டு கம்பி. அவன் கையில் உள்ள கைப்பிடியின் மேல் நுனியில் ஒன்று, கீழ் நுனியில் மற்றது, கொளுக்கியால் மாட்டியிருக்கும். மேல் நுனியைத் தன் பக்கம் சாய்த்தால் விமானம் ஏறும், கீழ் நுனியைச் சாய்த்தால் இறங்கும். கம்பிகள் இடம் மாறினால் எல்லாம் எதிர்மாறு. ஏற்றப் போனால் நிலத்தில் குத்தும். அதனால்தான் மேல் நுனிக்கு அக்கா நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸை எடுத்துச் சிவப்புப் பூசியிருந்தேன். சிவப்பு மேலே. அவ்வளவுதான் பாடம்.

கைப்பிடியைச் சாய்த்து, வால் எழும்புகிறதா என்று பார்த்தேன். சரியாக இருந்தது. நடுவில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். சரி, தண்ணீருக்கு மட்டும் இல்லை. மரத்தடியில் மகளிர் கல்லூரிப் பிள்ளைகள் நின்றார்கள், அதில் குணலட்சுமியும் நின்றாள். அந்த ஐந்து நிமிடமும் கைப்பிடிக்குப் பக்கத்தில் நின்றவன் பரமலிங்கம் ஒருவன்தான். என் எஞ்சினை முடுக்கி, விமானத்தைப் பிடித்து, நான் கை காட்டியதும் விடவேண்டியவனும் அவன்தான். எனக்கு அடுத்துப் பறக்கவிடப் போகிறவனும் அவன்தான்.

பெயரைக் கூப்பிட்டார்கள். ஓடிவந்து கைப்பிடியை எடுத்தேன். கை காட்டினேன். விட்டான். ஓராள் உயரம் எழும்பியது. இன்னும் ஏற்றினேன். குத்தியது. எஞ்சின் இரண்டு துண்டு. சனம் சிரித்தது. கைப்பிடியை அங்கேயே எறிந்துவிட்டு நடந்தேன். கோப்பை பரமலிங்கத்துக்கு.

கம்பியை மாற்றிக் கொளுவியது வேறு யார்?

அன்று பின்னேரம் எங்கள் வீட்டு வாசல் படலையில் வந்து நின்றான். நான் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ஒரு கிழமையால் கடிதம் போட்டான். பிரிக்காமலே அடுப்பில் வைத்தேன். கள்ளனிடம் விளக்கம் கேட்கிறதா?

அதற்குப் பிறகு நான் ஒன்றையும் பறக்கவிட்டதில்லை. சேர்க்கிறேன், துடைக்கிறேன், வைக்கிறேன்.

யூலை 19 – சனி

பழைய மாணவர் சங்கச் செயலாளர் டினேஸ் போன் எடுத்தார். செப்டெம்பர் 13 கல்லூரியில் கண்காட்சியாம். பரமலிங்கம் மாஸ்டர் அதே மைதானத்தில் கம்பி விமானம் ஓட்டிக் காட்டப் போகிறாராம். வேலை தெரிந்த ஒருவர் உதவிக்கு வேண்டும். "மாஸ்டர்தான் உங்கடை பேரைச் சொன்னவர்" என்றார்.

என்ன துணிச்சல்.

ஓம் என்றேன். சொல்லி முடிக்கும்போதே யோசனை முழுதாக வந்துவிட்டது. அதே மைதானம், அதே சனம், அவன் கையில் கைப்பிடி, இரண்டு கொளுக்கியை இடம் மாற்றிப் போட ஒரு ஆள். கடவுள் நாற்பத்து மூன்று வருடம் கணக்குப் பார்த்துத்தான் இதைத் தந்திருக்கிறார்.

யூலை 27 – ஞாயிறு

சாவகச்சேரிக்குப் போனேன். "வாரும் குகதாசன்" என்று எழும்பி நின்றான். நீர், வாரும். முந்தி நீ என்பான். ஆள் மெலிந்துவிட்டான். மனைவி இறந்து நாலு வருடம், பிள்ளைகள் கனடா. தேத்தண்ணீர் அவனே போட்டான். கதை மட்டும் இன்னும் வகுப்பறைக் கதை, நான் ஒரு திருகாணியைத் தொட்டால் அது எந்த நாட்டுத் திருகாணி என்று சொல்ல வேண்டும்.

விமானம் தயார். மூக்கில் குருநகர் எஞ்சின், மினுங்கிக்கொண்டு.

பிறகு அலுமாரியைத் திறந்தான். நடுத்தட்டில் என்ரை கைப்பிடி. 82இல் நான் எறிந்தது. கியூட்டெக்ஸ் மங்கிப்போய், ஆனால் அதேதான். கள்ளன், அதையும் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறான்! கோப்பை போதாதா? இதைத்தான் அன்றைக்குப் பாவிக்கப் போகிறேன் என்றான். வடிவாய்ப் பாவிச்சுக்கொள். உன்ரை பிளேன் மண்ணிலை குத்தினாப் பிறகு இதை நான் எடுத்துக்கொண்டு வருவன்.

ஓகஸ்ட் 10 – ஞாயிறு

அவன் வீட்டுக்குப் பின்னால், அறுவடை முடிந்த வயலில் ஒத்திகை. சோளகக் காற்று சுழற்றி அடித்தது. அவன் செய்யும் முறையைப் பாடமாக்கிவிட்டேன். கம்பியை விரிப்பான். வாலை ஆட்டிப் பார்ப்பான். கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு எஞ்சின் முடுக்கப் போவான், அந்த எஞ்சின் அவன் விரலுக்கு மட்டும்தான் எழும்பும். அதுவரை கைப்பிடியோடு நான் தனியே. எஞ்சின் எழும்பியதும் நான் போய் விமானத்தைப் பிடிப்பேன், அவன் நடுவுக்கு வருவான். ஒன்றரை நிமிடம் எனக்குக் கிடைக்கும்.

நாலு சுற்றுச் சுற்றினான். இறக்கியதும் தலையைப் பிடித்துக்கொண்டு வரம்பில் இருந்துவிட்டான். பிறகு, "எண்பத்திரண்டிலை..." என்று தொடங்கினான். நான் எண்ணெய்ப் போத்தலை எடுக்க எழும்பிவிட்டேன்.

ஓகஸ்ட் 12 – செவ்வாய்

கொளுக்கி மாற்றிப் பழகினேன். ஒன்பது வினாடி.

ஓகஸ்ட் 24 – ஞாயிறு

ஒன்றுதான் உறுத்துகிறது. அவன் இல்லை, எஞ்சின். குத்தினால் அதுவும் உடையும். அந்த வகையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை நானே உடைக்கப் போகிறேன். இரண்டு நாள் யோசித்தேன். அவனிடம் இருப்பதைவிட உடைந்து கிடப்பது மேல்.

குணலட்சுமிக்கு ஏதோ மணந்துவிட்டது. "நாப்பத்திமூண்டு வருசம் ஒருதரோடை கோவமாயிருக்கிறதுக்கும் நல்ல உடம்பு வேணும். உங்களுக்கு இருக்கு" என்றாள். கிண்டலா, பாராட்டா தெரியவில்லை.

செப்டெம்பர் 12 – வெள்ளி

நாளைக்கு. போட்டுக்கொண்டு போக வெள்ளைச் சேட் அழுத்தி வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 13 – சனி

சேட்கூட மாற்றவில்லை. இதை இன்றே எழுத வேண்டும்.

நல்ல சனம். அவன் கம்பியை விரித்தான், வாலை ஆட்டிப் பார்த்தான், கைப்பிடியை நடுவில் வைத்துவிட்டு விமானத்தடிக்குப் போனான். நான் குந்தினேன். கொளுக்கி இரண்டையும் மாற்றினேன். எட்டு வினாடி. யாரும் பார்க்கவில்லை. நெஞ்சுக்குள் அப்படியொரு சந்தோசம், பொய் சொல்ல மாட்டேன்.

எஞ்சின் எழும்பியது. விமானத்தைப் பிடிக்கப் போனேன். அவன் விடவில்லை. என் காதுக்குள் கத்தினான். "சுத்தினால் எனக்குத் தலை சுத்துது. நீர் போய்ப் பிடியும். உம்மடை கைப்பிடிதானே."

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? தாங்கியில் மூன்று நிமிட எண்ணெய்தான். டினேஸ் ஒலிபெருக்கியில் என் பெயரைச் சொல்லிவிட்டார். சனம் கை தட்டியது. நடுவுக்கு நடந்தேன். வாழ்க்கையில் அவ்வளவு தூரம் நடந்ததில்லை.

எல்லாரும் பார்த்திருக்கக் கொளுக்கியைக் கழற்ற முடியாது. ஒரே வழி. கம்பி தலைகீழ் என்றால் கைப்பிடியையும் தலைகீழாகப் பிடித்தால் சரி. கவிழ்த்துப் பிடித்தேன். சிவப்புக் கீழே.

கை காட்டினேன். அவன் விடவில்லை.

என் கையையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான். வேண்டாம், வேண்டாம். ஒரு விரலால் கீழே காட்டினான். பிறகு அந்தக் கையைத் திருப்பிக் காட்டினான், கவிழ்த்துப் பிடித்திருக்கிறாய், மாற்று என்று. நான் விளங்காதவன்போல மறுபடி கை காட்டினேன். விமானத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தான். எண்ணெய் போய்க்கொண்டிருந்தது.

வேறு வழி இல்லை. கைப்பிடியின் மேல் நுனியை மெல்ல என் பக்கம் சாய்த்தேன். வால் எழும்பியது, சரியாக எழும்பியது. அவன் வாலைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். திரும்ப வாலைப் பார்த்தான். தலை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். அவனுக்கு விளங்கிய அந்த நொடியை அறுபதடி தூரத்தில் இருந்து கண்டேன்.

விட்டான்.

பறந்தது. சோளகத்துக்கு எதிரே ஏறும்போது கம்பி கையை இழுத்தது. ஒரு நிமிடம் இருக்கும், அதற்குள் எண்ணெய் முடிந்து தானே இறங்கிவிட்டது. அந்த ஒரு நிமிடமும் பழி, பரமலிங்கம் ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

நடுவுக்கு வந்தான். கையிலிருந்து கைப்பிடியை வாங்கினான். கொளுக்கி இரண்டையும் கழற்றி, சரியான இடத்தில் கொளுவினான். அவசரப்படவே இல்லை.

"எண்பத்திரண்டிலையும் நீ சிவப்பைக் கீழைதான் பிடிச்சனீ" என்றான். "மரத்தடியைப் பாத்துக்கொண்டு எடுத்தனீ."

மரத்தடிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"நான் கண்டனான். கண்டும் பிளேனை விட்டனான். அடுத்தது என்ரை முறை எல்லோ. கடிதத்திலை எழுதினனானே, நீ வாசிக்கேல்லையோ?"

டினேஸ் ஓடி வந்தார், அருமை, அருமை என்றார். பரமலிங்கம் சிரித்துக்கொண்டு, "குகதாசன் பிடிச்சால் பிளேன் சொல்லுக் கேக்கும்" என்றான். காட்டிக் கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கைப்பிடியைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

செப்டெம்பர் 15 – திங்கள்

கம்பியை அவன் மாற்றவில்லை. நான்தான் கவிழ்த்து எடுத்தேன். சிவப்புப் பூசியதும் நானே. சரி. ஆனால் அவன் கண்டவன்! பிடித்து நிறுத்தியிருக்கலாம், நேற்றைக்கு முதல் நாள் நிறுத்தியதுபோல. நிறுத்தாமல் விட்டானே. அப்ப அவனிலையும் பிழைதானே? ஓம், பிழைதான். அதை அவன் ஒரு கிழமையில் எழுதி அனுப்பினான். நான் அடுப்பெரித்தேன். இப்ப ஆரோடை நான் கோவிக்கிறது?

குணலட்சுமிக்கு எல்லாவற்றையும் சொன்னேன், கொளுக்கி மாற்றியதையும். கேட்டுக்கொண்டே மாவை அரித்து முடித்தாள். பிறகு, "நீங்கள் என்னைப் பாத்துக்கொண்டு நிண்டியளோ? நான் அண்டைக்குப் பிளேனைத்தான் பாத்தனான்" என்றாள். உள்ளே போய்ப் பிட்டு அவித்தாள்.

செப்டெம்பர் 20 – சனி

சாவகச்சேரி பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. பேப்பர் சுற்றிய கைப்பிடி. சிவப்பு நுனிக்குப் புதிதாகச் சிவப்புப் பூசியிருக்கிறான்.

கடிதம் ஒன்றும் இல்லை. பேப்பரை விரித்து இரண்டு தரம் பார்த்தேன்.

சாரங்களுக்கு அடியிலிருந்து குருநகர்க் கம்பிச் சுருளை எடுத்து எண்ணெய்த் துணியால் துடைத்துப் பையில் வைத்தேன். நாளைக்குக் காலமை ஏழரைக்குச் சாவகச்சேரி பஸ். அவனுக்குப் போன் எடுத்துச் சொல்லவில்லை. அவன் வீட்டுப் படலையில் நிற்பேன். வீட்டில் இல்லை என்று யாரையாவது கொண்டு சொல்வித்தால், சொல்விக்கட்டும். கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.