முன்னால் இருக்கிறாய் என்றேன்

இன்று காலை துறைமுக வாசலில் லாரிகள் நகராமல் நின்றன. போனை எடுத்து நம் சீட்டு விளையாட்டைத் திறந்தேன். புதுப் பதிப்பு இறங்கியிருந்தது. மாற்றங்களின் பட்டியலில் மூன்றாவது வரி உன் சீட்டைப் பற்றியது. நாம் 'சூறை' என்று பெயர் வைத்திருந்தோமே, அதேதான். இதுவரை அது யார் தலையில் விழும், ஒன்றிலிருந்து ஆறு வரை எத்தனை அடி விழும் என்று போடுகிறவனுக்கே தெரியாது. இனிமேல் எதிராளிக்கு மட்டும், எப்போதும் மூன்று அடிதானாம். நான் பல வருஷமாக வேண்டிக்கொண்டிருந்த மாற்றம். சொல்லிச் சிரிக்க நீ இல்லை. நீ போய் ஐந்து மாதம் ஆகிறது.

எனக்கு அந்தச் சீட்டு ஆகவே ஆகாது என்பது உனக்குத் தெரியும். நான் கப்பல் ஏஜென்சியில் கன்டெய்னர் காகிதங்களைச் சரிபார்க்கிறவன். ஒரு எழுத்துப் பிசகினாலும் பெட்டி யார்டிலேயே கிடக்கும். அதனால் என் சீட்டுக்கட்டில் இருந்த முப்பதும் சொன்னதைச் செய்கிற சீட்டுகள். நீ சங்கு குளிக்கிறவன். எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பது அடி ஆழத்தில் மணலைத் துழாவி, கிடைத்தால் சங்கு, இல்லையென்றால் வெறுங்கை என்று மேலே வருகிறவன். கச்சான் காற்று அடித்துத் தண்ணீர் கலங்கிவிட்டால் கடலுக்குப் போகமாட்டாய். அந்த நாட்களில் திரேஸ்புரம் கரையில், கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து ஆடுவோம். சூறை சில நேரம் உன் ஆட்களையே அடித்து நொறுக்கும். நீ தொடையில் தட்டிச் சிரிப்பாய். எனக்கு எரிச்சலாக வரும்.

இது ஆட்டமே இல்லை, வெறும் அதிர்ஷ்டம் என்று ஒருநாள் சண்டைக்கு வந்தேன். "திறக்காத சிப்பியக் குமிச்சுப் போட்டு ஏலம் விட்ட கரையில பொறந்துட்டு இப்படிப் பேசுதியேல" என்றாய். அந்தக் காலத்து முத்துக்குளிப்பில் குவியலை வாங்கினவனுக்கு உள்ளே முத்து இருக்கிறதா என்பது வாங்கின பிறகுதான் தெரியும். அப்படி வாங்கி நடுத்தெருவுக்கு வந்தவனைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்று திருப்பிக் கேட்டேன். நீ அடுத்த ஆட்டத்தைத் திறந்தாய். அன்றைக்கு ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஆனால் நீ கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிறவன் இல்லை. ஜெயித்துக்கொண்டிருக்கும்போது சூறையைக் கையிலேயே வைத்திருப்பாய். ஒருமுறை உனக்கு இரண்டே உயிர் மிச்சம் இருந்தபோது அதை எடுத்துப் போட்டாய். ஆறு அடியும் என்மேல் விழுந்தது. இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீயே டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னாய். "முன்னால இருக்கும்போது அதத் தொடப்படாது. பின்னால கெடந்தா, அத விட்டா வேற கெதி கெடையாது. இவ்வளவுதாம்ல." இந்த ஆட்டத்தைப் பற்றி நான் எத்தனையோ யோசனைகளைப் படித்திருக்கிறேன், இதைவிடச் சரியாக யாரும் சொல்லவில்லை.

போன வருஷம் கடலிலிருந்து ஏறும்போது உனக்குத் தலை சுற்றியது. மதுரையில் படம் எடுத்துப் பார்த்தார்கள். தலைக்குள் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருந்தது. ஆபரேஷன் செய்தால் முழுதாகக் குணமாகலாம், கைகால் விழலாம், மேசையிலிருந்து எழாமலும் போகலாம் என்றார் டாக்டர். மாத்திரையோடு விட்டுவைத்தால் பல வருஷம் அப்படியே இருக்கலாம், நாளைக்கே வெடிக்கவும் வெடிக்கலாம். முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டார். உன் மனைவி ஜெசி மருந்து வாங்கப் போயிருந்தாள். வராந்தா பெஞ்சில் நீயும் நானும்தான்.

"நீதான கணக்குப் பாக்கவன். நான் இப்ப முன்னால இருக்கேனா, பின்னால இருக்கேனா?"

உன்னைப் பார்த்தேன். வரும் வழியில் நான்கு புரோட்டா தின்றிருந்தாய். தலைவலிகூட இல்லை. "முன்னாலதான் இருக்க. தொடாத" என்றேன். நீ தலையை ஆட்டினாய். எந்த ஆட்டத்திலும் என் பேச்சைக் கேட்காதவன் அன்றைக்குக் கேட்டாய்.

ஏழு மாதம் மாத்திரை தின்றாய். சங்கு குளிக்கப் போவதை விட்டுவிட்டுக் குடோனில் சங்கு தரம் பிரித்தாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குச் சட்டை மாட்டும்போது விழுந்தாய். பிறகு எழவில்லை.

ஆபரேஷன் செய்திருந்தால் அந்த ஏழு மாதமும் கிடைத்திருக்காது என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். இருக்கலாம். போடாத சீட்டு என்ன செய்திருக்கும் என்று பார்க்க வழியில்லை. என் தப்பு வேறு. பார்வைக்கு நன்றாக இருந்ததை முன்னால் இருப்பதாக எடுத்துக்கொண்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் உனக்காக மட்டும் கணக்குப் போடவில்லை. மேசையிலிருந்து நீ எழாவிட்டால் ஜெசியின் முகத்தை நான் பார்க்க வேண்டுமே என்று பயந்தேன்.

போன வாரம் ஜெசி என் வீட்டுக்கு வந்தாள். இது ரத்த உறவில் வரக்கூடியதாம். உன் மகளுக்கும் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எடுத்து, இருக்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளையும் இதே வராந்தாவில் உட்கார வேண்டும். எடுக்காவிட்டால் தெரியாமலே சிரித்துக்கொண்டு திரியும். என்ன செய்ய என்று என்னைக் கேட்டாள்.

"நீங்க சொன்னா சரியா இருக்கும் அண்ணே. அவுக ஆபரேசன் வேண்டாம்னு தானா முடிவு பண்ணுனாக. உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா இருந்திருப்பாகளோ என்னமோ."

அப்படியா சொல்லிவைத்திருக்கிறாய் அவளிடம்? டாக்டரைப் பார்க்க மதுரைக்குக் கூட வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை பஸ்ஸில் மூன்று பேரும் போகிறோம். மகளுக்கு என்ன செய்ய என்று என்னைக் கேட்பதற்கு முன்னால், உனக்கு நான் என்ன சொன்னேன் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். சொல்லிவிடப் போகிறேன். அதற்குப் பிறகும் அவள் என்னை அண்ணே என்று கூப்பிடுவாளா, தெரியவில்லை.