ஆடியில் போட்ட கையெழுத்து

10-7-1977, ஞாயிறு

இன்று கூடத்தில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், நான், மகள் வசந்தி, மாப்பிள்ளை ஜம்புலிங்கம், வீட்டுக்காரரின் அக்கா சின்னம்மாள், அவரோடு அரக்கோணம் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் சத்தார் பாய். ஆறு பேரில் என் பக்கம் பேசியவர் ஒருவருமில்லை. சத்தார் பாய் டீயை மட்டும் குடித்தார்.

வீட்டுக்காரர் ரிடையர் ஆக இரண்டு வருஷம்கூட இல்லை. ரயில்வேயில் பூர்த்தி செய்ய ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். இதுவரை இருந்தபடி பி.எஃப்.பிலேயே இருந்தால் கடைசி நாளில் எல்லாம் மொத்தமாகக் கைக்கு வரும். பென்ஷனுக்கு மாறினால் அவர் போட்ட பணம் மட்டும்தான். ரயில்வே போட்ட பதினோராயிரம் சொச்சம் போய்விடும். அதற்குப் பதில் மாதாமாதம் பென்ஷன். மாற நினைப்பவர்கள் ஆகஸ்டு பத்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பழையபடிதான்.

மாப்பிள்ளை திருத்தணி மலையடிவாரத்தில் லாட்ஜ் கட்டப்போகிறார். மாமனார் பணமும் சேர்ந்தால் எட்டு ரூம். "பக்தருங்க வந்துகினே இருப்பாங்க மாமா. நீங்க கல்லாவுல உக்காந்தா போதும்."

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! முப்பது வருஷம் கிரீஸ் கையோடு வந்த மனுஷன் அங்கேயே கல்லாவில் உட்கார்ந்துவிட்டார்.

"பென்ஷன்னு மாசாமாசம் போய் கைநீட்டணுமா?" என்றாள் சின்னம்மாள் அண்ணி. நான் வாயைத் திறப்பதற்குள், "அம்சா, பாயசத்துக்கு வெல்லம் பத்தல" என்று உள்ளே அனுப்பிவிட்டாள்.

12-7-1977

பழைய கணக்கு நோட்டுகளை எல்லாம் இறக்கினேன். 1962 ஜூலை மளிகை நாற்பத்தெட்டு ரூபாய். அன்று வீட்டில் ஆறு பேர். போன மாதம் நூற்று அறுபத்திமூன்று. இன்று இரண்டே பேர்.

விலை இப்படியே ஏறினால் கைக்கு வரும் மொத்தப் பணமும் எத்தனை வருஷம் வரும்? மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். லாட்ஜே வேண்டாம், பேங்கிலேயே போட்டாலும் அவருக்கு எழுபது வயதாகும்போது காலி. எனக்கு அப்போது அறுபத்தொன்று.

அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. முருகா.

15-7-1977

சத்தார் பாயை வரச்சொல்லி ரயில்வே தாளைப் படிக்கச் சொன்னேன். இங்கிலீஷில் ஒரு வரி படிப்பார், தமிழில் சொல்வார், நான் எழுதிக்கொள்வேன். விலைவாசி ஏறினால் பென்ஷனோடு கொடுக்கும் பஞ்சப்படியும் ஏறுமாம்.

ஒரு வரி வந்ததும் பாய் நின்றுவிட்டார். "இது வேணாம்மா. அப்புறம் பாத்துக்கலாம்."

"படிங்க பாய்."

"ஃபேமிலி பென்ஷன்னு போட்டுகிறான். அதாவது... அவருக்கு அப்புறம் உங்களுக்கு."

காதில் விழாததுபோல எழுதிக்கொண்டேன். எழுதி முடித்ததும் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாய் தலையைக் குனிந்துகொண்டார். பாய் எதைப் போடப்போகிறார் என்று கேட்டேன். "எங்க வூட்ல ஹமீதுன்னிசா பென்ஷனே போடுன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அவளுக்குப் பயந்துனே போட்டுட்டேன்" என்று சிரித்தார்.

17-7-1977

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதோ?

சாப்பாடு போட்டுக்கொண்டே, அரிசி விலையில் ஆரம்பித்து, பஞ்சப்படி வந்து, மெதுவாக அந்த வரிக்கு வந்தேன். அவர் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"நான் போற நாள எண்ணிகினு இருக்கியா?"

இல்லீங்க, இல்லீங்க என்று எத்தனை முறை சொன்னேனோ. வாசலில் வந்து நின்ற அண்ணி காதிலும் விழுந்துவிட்டது. "தாலி அறுத்தா வர்ற காசு! அதுக்கு இப்பவே கணக்கா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மலையேறி இதத்தான் வேண்டிக்கிறியா?"

18-7-1977

இரண்டு வேளையும் தட்டை வைத்துவிட்டு நகர்ந்தேன்.

20-7-1977

காலையில் காப்பி டம்ளரை வாங்கும்போது அவரே, "இன்னாத்துக்கு இப்படி இருக்கிற" என்றார். அவ்வளவுதான், மூன்று நாளாக உள்ளே இருந்தது வந்துவிட்டது.

"தாலிக்குத் தனியா வேண்டிக்கிறேங்க. அரிசிக்குத் தனியாக் கணக்குப் போடறேன். ரெண்டையும் ஏன் ஒண்ணாக் கட்டறீங்க? நான் சுமங்கலியாப் போவணும்னுதான் அவன்கிட்ட கேக்கறேன். குடுப்பான். குடுக்கலைன்னா நான் யார் வூட்டு அடுப்பாண்ட போய் நிப்பேன்? அண்ணி சோறு போடுவாங்களா?"

அழவில்லை. அழுதிருந்தால் ஜெயித்திருக்க மாட்டேன். இப்போது ஜெயித்தேனா என்றும் தெரியவில்லை. அவர் ரயிலுக்குப் போய்விட்டார். சாப்பாட்டு டப்பாவை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அது ஒரு நல்ல குறி.

27-7-1977, புதன்

அவருக்கு இன்று ஓய்வு. மலைக்கு வாங்க என்று கூப்பிட்டேன். கிருத்திகை இல்லை, செவ்வாய் வெள்ளி இல்லை. சும்மா ஒரு புதன்கிழமை. வேண்டுமென்றேதான் கூப்பிட்டேன்.

தரிசனம் நிமிஷத்தில் ஆயிற்று. அர்ச்சகரே, "என்ன, இன்னிக்கு?" என்றார். இறங்கி வரும்போது அடிவாரத்தில் புதிதாகக் கட்டியிருக்கும் லாட்ஜுக்குள் அழைத்துப் போனேன். தண்ணீர் கேட்கிற சாக்கு. சாவிகள் எல்லாம் பலகையில் தொங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் பெஞ்சில் மல்லாந்து கிடந்தார்.

"ரூம் கிடைக்குமா?" என்று இவர் கேட்டார்.

மேனேஜர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "எது வோணுமோ சாவி எடுத்துகினு போங்க நைனா. கிருத்திகைக்குத்தான் இடம் இருக்காது."

தெருவுக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. அவரும் சிரித்துவிட்டார். "கல்லாவுல உக்கார வேணாம், படுத்துக்கலாம் போலருக்கு" என்றார். எங்களுக்குக் கல்யாணமான புதிதில்தான் தெருவில் இப்படிச் சிரித்திருக்கிறோம்.

30-7-1977

பென்ஷன்தான் என்று சொல்லிவிட்டார்! தானே சொன்னார்! ஆனால் "ஆடி போவட்டும். ஆடியில எவனாவது புதுசா ஒண்ணு தொடங்குவானா? ஆவணி பொறந்ததும் போட்டுடறேன்."

ஆவணி பிறப்பது ஆகஸ்டு பதினேழு. பாரம் போய்ச் சேர வேண்டியது பத்து. மேஸ்திரி வேலை பார்க்கிறவருக்குத் தேதி தெரியாதா? தெரிந்துதான் சொல்கிறாரா? மாப்பிள்ளை முகத்தில் முழிக்கப் பயந்துகொண்டு, பழியை ஆடி மேல் போடுகிறாரோ?

2-8-1977

கேட்டேவிட்டேன். "வேற ஊர்ல ஆடி ஆவாத மாசமா இருக்கலாம். தணிகையில ஆடியில இல்லாத விசேஷம் வேற எந்த மாசத்துல இருக்குது? ஆடிக் கிருத்திகைக்கு ஊர் உலகமே காவடி எடுத்துகினு இங்கதான் வருது. முருகனுக்கு ஆவற மாசம் நமக்கு ஆவாதா?"

அவர் வெகுநேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருத்திகை எட்டாம் தேதி. திங்கட்கிழமை. ஆபீஸ் உண்டு.

"ஆங்... சரி. அன்னிக்கே போடலாம். நீயும் வா" என்றார்.

8-8-1977, ஆடிக் கிருத்திகை

விடியும்போதே ஸ்டேஷனில் நிற்க இடமில்லை. மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, பூக்காவடி, அரோகரா. ரயில் வந்தது. உலகமே இறங்கிற்று. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏறினோம். "திருத்தணி வந்துட்டுதும்மா, எறங்கு எறங்கு!" என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்து இழுத்தார்.

அரக்கோணம் ஆபீஸில் குமாஸ்தா எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். "ஊரே தணிகைக்குப் போவுது, நீங்க அங்கேருந்து இங்க வந்துகினு இருக்கிறீங்களே."

"வூட்ல சொன்னாங்க, நல்ல நாளுன்னு" என்றார் அவர். எல்லார் முன்னிலையிலும்!

பேனாவை என்னிடம் நீட்டினார். நான் முருகா என்று ஒரு தரம் கண்ணில் ஒற்றிக் கொடுத்தேன். போட்டார். ரசீது வாங்கிக்கொண்டோம். திரும்பி வந்து அந்தக் கூட்டத்தில் முட்டி மோதி மலையேறினோம். கால் வலி தெரியவில்லை. தாலிக்கு வேண்டிக்கொண்டேன். அரிசிக்கு வேண்டவில்லை. அது முடிந்த விஷயம்.

14-8-1977

மாப்பிள்ளை வந்து, விஷயம் கேட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். வசந்தி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இது மட்டும் முள்ளாய்க் குத்துகிறது.

30-4-1979

அவர் இன்று ரிடையர் ஆனார், ஒர்க்‌ஷாப்பில் மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். அவருடைய சொந்தப் பணம் வந்தது. வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும்.

4-6-1979

முதல் பென்ஷன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு ரூபாய். தட்டில் பூ வைத்து, அதன்மேல் வைத்தார். எடுத்து என் கையில் கொடுத்து, "எண்ணிக்க" என்றார்.

9-11-1981

மாப்பிள்ளை தன் பணத்திலேயே கட்டிய லாட்ஜை வாடகைக்கு விட்டுவிட்டாராம். ஒரு நூல் வியாபாரி நாலு ரூமிலும் சரக்கு அடுக்கியிருக்கிறான். நஷ்டமில்லை, லாபமுமில்லை. வசந்தி சொல்லிவிட்டு, "நைனா பணமும் போட்டிருந்தா இன்னாம்மா ஆயிருக்கும்" என்றாள். நான் காப்பி கலக்க உள்ளே போனேன். வாய் துறுதுறு என்றுதான் இருந்தது.

3-2-1984

பஞ்சப்படி மறுபடி ஏறியிருக்கிறது. இப்போது பென்ஷன் முந்நூற்றைத் தாண்டிவிட்டது. அவர் தெருவில் ஒருவரையும் விடுவதில்லை. நேற்று பால்காரரை நிறுத்திவைத்துப் பென்ஷனுக்கும் பி.எஃப்.புக்கும் வித்தியாசம் விளக்கினார். பாவம், அந்த ஆளுக்கு இரண்டுமே கிடையாது.

அண்ணி வந்திருந்தாள். அவளுடைய பெரிய பையனுக்கு ஆபீஸில் ஏதோ பாரம் கொடுத்திருக்கிறார்களாம். "நீ பாத்துச் சொல்லு அம்சா. உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்." பார்த்துச் சொன்னேன். பாயசமும் போட்டேன். வெல்லம் நிறைய இருந்தது.

12-2-1984

வசந்திக்குக் கார்டு எழுதினேன். எழுதியது இது:

"சௌபாக்கியவதி வசந்திக்கு அம்மா ஆசீர்வாதம். பங்குனியில் நானும் நைனாவும் பழனி, திருச்செந்தூர் போகிறோம். எங்களுக்கு ரயில்வே பாஸ் இருக்கிறது. உனக்கும் மாப்பிள்ளைக்கும் டிக்கெட் நான் எடுக்கிறேன். பென்ஷனில் மிச்சம் பிடித்த பணம், கடன் இல்லை. மாப்பிள்ளை தயங்குவார். தங்குகிற இடம் அவர் பார்த்துக் கொடுத்தால்தான் சரியாக இருக்கும், லாட்ஜ் விஷயம் அவருக்குத்தான் தெரியும் என்று நைனா சொன்னதாகச் சொல். நிஜமாகவே சொன்னார். வருகிறீர்களா என்று சீக்கிரம் பதில் போடு."