யாழினி திரும்பிப் போகவில்லை

இராயபுரம்,
ஏப்ரல் 9, வியாழன் மாலை.

அன்பு மகள் மதிக்கு அப்பா கோதண்டம் எழுதுவது.

நான் கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் முதல் வாக்கியத்திலேயே தடுமாறி, சாப்பிட்டாயா என்று மூன்று முறை கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் கடிதம். சொல்ல வந்தது சிதறாமல் இருக்க முதலில் வரிசைப்படுத்திக் கொள்கிறேன்:

1. வீட்டு நிலவரம்.
2. உன் அம்மாவும் மற்றவர்களும் பார்க்கும் ‘ஏழு வாசல்’ தொடரைப் பற்றி என் புகார்கள்.
3. அதில் வரும் யாழினி கணவன் வீட்டை விட்டு வெளியேறியது தவறு; அதற்கான காரணங்கள்.
4. ஷரீஃபுன்னிசாவின் நோட்டு விவகாரம்.
5. உன்னிடம் ஒரு வேண்டுகோள்.

முப்பத்துநான்கு வருடம் துறைமுகத்தில் எந்தக் கப்பல் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று பதிவேடு எழுதியவனுக்கு இப்படித்தான் எழுத வரும். சிரித்தால் சிரித்துக்கொள்.

முதலாவது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை அளவோடு இருக்கிறது. மணலி ஆலைப் பக்கத்துக் காற்று அடிக்கும் நாட்களில் சன்னலைச் சாத்தி வைக்கிறோம், வெந்துபோகிறோம். நீ திருவொற்றியூர் வீட்டை விட்டு ஓசூருக்குப் போய் இன்றோடு எழுபத்தைந்து நாள். உனக்கு வேலை மாற்றல் என்று தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். யாரும் நம்பினதாகத் தெரியவில்லை. உன் அம்மா என்னோடு பேசுவது இப்போதெல்லாம் விளம்பர இடைவேளையில் மட்டும்தான். நீ அவளோடு தினமும் பேசுகிறாய் என்று தெரியும். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதில்லை. சில நாள் நின்றிருக்கிறேன்.

இரண்டாவது. ஏழரை மணி ஆனால் நம் வீடு நம்முடையது அல்ல. மாடி வீட்டு இருதயம்மாள் காசிமேட்டில் மீன் விற்றுக் களைத்து வந்தாலும் குளித்து, பூ வைத்து, முன்வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார். எதிர்வீட்டு ஷரீஃபுன்னிசா, தன் வீட்டு டிவியில் கணவர் அப்துல் வஹாப் கிரிக்கெட்டை விடமாட்டார் என்பதால், இங்கே வந்துவிடுகிறார். எனக்குக் கிடைப்பது கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி.

தொடரைப் பற்றி என்ன சொல்வது! அகிலாண்டம் என்ற மாமியார் பட்டுப்புடவையும் ஒட்டியாணமும் கட்டிக்கொண்டு தூங்குகிறாள். ஒட்டியாணத்தோடு எப்படிப் புரண்டு படுப்பது? யாரும் வேலைக்குப் போவதில்லை. எல்லா ரகசியத்தையும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உரக்கச் சொல்கிறார்கள். எதிரி எப்போதும் தூணுக்குப் பின்னால் தயாராக நிற்கிறான். ஒருத்தி ‘என்ன?’ என்று கேட்டால், ஆறு பேர் முகத்தை மூன்று முறை காட்டி, மூன்று முறை இடி இடிக்கிறது. ஒருநாள் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு ‘என்ன?’வுக்கு ஒரு நிமிடம் பத்து வினாடி. ஐந்து வருடம் கொடுமை செய்தவன் ஒரே நாளில் திருந்தி, கோவிலில் அழுகிறான். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நம் பக்கத்துப் பேச்சுப் பேசுகிறவன் வந்தால் அவன் செயின் அறுக்கிறவனாகத்தான் இருக்கிறான்.

இதையெல்லாம் ஒருநாள் வாய்விட்டே சொன்னேன். இருதயம்மாள் திரும்பிப் பார்த்து, “நைனா, புட்ச்சா பாரு, புடிக்காட்டி கண்ண மூடிக்கோ. நட்டு நடுவுல லெக்சர் குடுக்காத” என்றார். உன் அம்மா ரிமோட்டை எடுத்து ஒலியைக் கூட்டினாள். பேச்சு முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த வீட்டில் ஒரு நாள் விடாமல் அந்தத் தொடரைப் பார்ப்பவன் நான்தான். அது ஏன் என்று நான்காவதில் சொல்கிறேன்.

மூன்றாவது. யாழினி செய்தது தவறு என்றே நினைக்கிறேன். காரணங்கள்: முதலில், புகுந்த வீட்டில் நடப்பதை அவள் ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசியிருக்கலாம். அடுத்தது, கோபத்தில் எடுத்த முடிவைக் கோபம் தணிந்த பிறகு மாற்றுவது கடினம். கடைசியாக, ஆண்பிள்ளைகளுக்கு வயது ஏற ஏற நிதானம் வரும், பொறுத்திருந்து பார்க்கலாம். ஒரு பெண் ஒரு பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டால், அவளைப் பெற்றவர்கள் அதே தெருவில்தான் தினமும் நடக்க வேண்டியிருக்கிறது. இது நான்காவது காரணம். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

ஏழரை ஆகப் போகிறது. வாசலில் செருப்புகள் சேருகின்றன. மிச்சத்தை நாளை எழுதுகிறேன்.

வெள்ளி, காலை ஆறு மணி.

நான்காவது. நோன்பு மாதத்தில் ஷரீஃபுன்னிசா டிவி பார்ப்பதில்லை. உனக்குத் தெரியும். ஆறு வருடமாக அந்த மாதம் முழுவதும் நான் தினமும் தொடரைப் பார்த்து, அன்றைய கதையை ஒரு நோட்டில் ஒரு பக்கத்துக்கு எழுதி வைப்பேன். பெருநாள் அன்று அவர்கள் வீட்டுப் பிரியாணி தூக்குச்சட்டியில் வரும். பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாதே. அதோடு அந்த நோட்டுப் போகும். போனில் பழைய பகுதிகளையே பார்த்துக்கொள்ளலாமே என்று ஷரீஃபுன்னிசாவின் மகன் முதஸ்ஸிர் அவரிடம் சொன்னானாம். “அண்ணன் நோட்டுல விளம்பரமும் கெடயாது, இடியும் கெடயாது. ஒரு மாசக் கதய ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சிடலாம். நீ வேலையப் பாரு” என்றாராம். இதைக் கேட்டதிலிருந்து இன்னும் கவனமாக எழுதி வந்தேன்.

இந்த வருடம் பதினாறு நாள் ஒழுங்காக எழுதினேன். பதினேழாம் நாள் யாழினி ஒரு பையோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அப்பா உட்கார வைத்தார். காபி கொடுத்தார். ‘கோபத்தில் வந்திருக்கிறாய், நானே கொண்டுபோய் விடுகிறேன்’ என்றார். மதி, நம் வீட்டில் யாரோ கேமரா வைத்துவிட்டார்களோ என்று ஒரு நொடி மேலே சுவரைப் பார்த்தேன்.

இருதயம்மாள் டிவியைப் பார்த்து, “தோ பார்றா அப்பன! பொண்ணு மூஞ்சி வீங்கிக்கினு நிக்குது, இவன் காபி ஆத்திக்கினு கீறான். தூ, கஸ்மாலம்!” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “இன்னா நைனா, கம்முனு கீற? நீ சொல்லு, இவன்லாம் ஒரு அப்பனா?” என்று கேட்டார். அவர் ஒன்றும் தெரியாமல்தான் கேட்டார். உன் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் காது என் பக்கமே இருந்தது. மோட்டார் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். மோட்டார் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து பார்த்தால், யாழினி அப்பாவோடு ஆட்டோவில் போகிறாள். பாதி வழியில் நிறுத்தச் சொல்லி இறங்கி, பஸ் ஏறிவிட்டாள். எங்கோ ஒரு பெண்கள் விடுதியில் அறை எடுத்துக்கொண்டாள்.

அன்று நோட்டை விரித்து உட்கார்ந்தேன். எழுதினேன்: ‘யாழினி அப்பாவின் சொல்லைக் கேட்டுக் கணவன் வீட்டுக்குத் திரும்பினாள்.’

எழுதிய கையோடு அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. மறுநாள் அதற்குப் பொருத்தமாக இன்னொன்று எழுத வேண்டியிருந்தது. கணவன் மன்னிப்புக் கேட்டான் என்று எழுதினேன். அதற்கு மறுநாள் அகிலாண்டத்தையும் திருத்தினேன். டிவியில் யாழினி ஒரு நகைக்கடையில் வேலைக்குச் சேர்ந்துகொண்டிருந்தாள். என் நோட்டில் மாமியாருக்குக் கால் அமுக்கிக்கொண்டிருந்தாள். பெருநாள் வரை இப்படியே எழுதினேன். எழுத எழுத எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. இதுதான் நடந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பெருநாளுக்கு அப்புறமும் தொடர் ஓடும், அவரும் வந்து பார்ப்பார் என்பது எப்படி எனக்கு உறைக்காமல் போயிற்று என்று இன்னும் விளங்கவில்லை.

பெருநாள் கழிந்த திங்கட்கிழமை ஷரீஃபுன்னிசா வந்து உட்கார்ந்தார். திரையில் யாழினி விடுதி மொட்டைமாடியில் துணி காயப் போடுகிறாள். “இது யார் வூட்டு மாடி?” என்று கேட்டார். ஹாஸ்டல் என்றாள் உன் அம்மா. “ஹாஸ்டல்ல இன்னாத்துக்குத் துணி காயப் போடுறா? மாமியா வூட்ல மாடி இல்லியா?” என்றார் அவர். இருதயம்மாள் விழுந்து விழுந்து சிரித்து, “ஏன்க்கா, இவ வூட்ட வுட்டு வந்து ரெண்டு வாரத்துக்கு மேல ஆவுது, நீ எந்த ஊர்ல கீற?” என்றார். ஷரீஃபுன்னிசா வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க வாசித்தார். அகிலாண்டம் மருமகளுக்குப் பால்கோவா ஊட்டிய பக்கம் வந்தபோது இருதயம்மாளுக்கு இருமலே வந்துவிட்டது. “நைனா, நீ சீரியலுக்கே கத எழுதப் போலாம்” என்றார். நானும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

உன் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து டிவியை அணைத்தாள். தொடர் பாதியில் இருக்கும்போது அவள் டிவியை அணைத்ததை நான் பார்த்ததே இல்லை.

எல்லோரும் போன பிறகு ஷரீஃபுன்னிசா வாசலில் நின்றார். கோபமாக இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “அண்ணே, ஒரு வரியில மன்னிப்புக் கேட்டான்னு எழுதிட்டீங்க. ஒரே நாள்ல திருந்துறானுங்கன்னு சீரியல நீங்கதானே திட்டுவீங்க? யாழினிய திருப்பி அனுப்புனது பேப்பர்ல, அது போவட்டும். மதிய நெசமாவே ஆட்டோ புட்ச்சி கொண்டுபோயி வுட்டீங்களே. அத எந்த நோட்ல எழுதி வச்சிக்கீறீங்க?”

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. உன் அம்மா சொல்லியிருக்கிறாள். அவர் தூக்குச்சட்டியின் மூடி இங்கே தங்கிவிட்டது, எடுத்துத் தாருங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

இது நடந்து பதினெட்டு நாள் ஆகிறது. இவ்வளவு நாளும் அந்தக் கேள்விக்கு ஒரு நல்ல பதில் தேடிக்கொண்டிருந்தேன். நேற்று எழுதிய மூன்றாவது பத்திதான் நான் தேடிக் கண்டுபிடித்த பதில். நேற்று இரவு தொடர் முடிந்ததும் அதைத் திரும்ப வாசித்தேன்.

யாழினி ஒரு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறேன். நீ சொன்னாய். பொங்கலுக்கு வந்தபோது செங்குட்டுவன் உன் போனைப் பிடுங்கி வைத்துக்கொள்கிறான் என்று சொன்னாய். புதிதாகக் கல்யாணமான பிள்ளைகளின் விளையாட்டு என்றேன். அடுத்த வாரம் பையோடு வந்தாய். உன் இடது கன்னத்தில் விரல் பதிந்திருந்தது. நீ போன பிறகு அம்மா கேட்டதற்கு, வழியெல்லாம் லாரித் தூசி, அதில் முகம் சிவந்திருக்கும் என்று சொன்னேன். தூசி அல்ல என்று எனக்குத் தெரியும். நான்கு விரல். பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஆட்டோ பிடித்தேன். வழி முழுவதும் நீ பையை மடியில் பிடித்திருந்தாய். செங்குட்டுவன், இனிமேல் நடக்காது மாமா என்று ஒரு வரி சொன்னான். அதை நம்பிக்கொண்டு திரும்பினேன். யாழினியாவது பாதி வழியில் ஆட்டோவை நிறுத்தினாள். உன்னை நான் வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். நான்காம் நாள் நீயாக ஓசூர் போனாய். நம் வீட்டு வழியாகப் போகவில்லை.

ஐந்தாவது. நேற்று இந்த இடத்தில் எழுத நினைத்திருந்த வேண்டுகோள் வேறு. அதை எழுதப் போவதில்லை.

உன் சான்றிதழ்கள் இன்னும் செங்குட்டுவனின் திருவொற்றியூர் வீட்டுப் பீரோவில் இருக்கின்றன என்று அம்மா சொல்கிறாள். அவற்றைக் கேட்கத்தான் அவளிடம் நீ அழுதாயாம். இன்று பத்து மணிக்கு நான் போய் வாங்கி வரப் போகிறேன். பயமாகத்தான் இருக்கிறது. அங்கே போய் என்ன பேச வேண்டும் என்று நேற்று இரவே ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் பார்த்த இருதயம்மாள், “நைனா, அந்தச் சீட்ட நீயே வச்சிக்கோ. நான் கூட வரேன். நீ பீரோவ காமி, பேசறத நான் பேசிக்கிறேன்” என்றார். மீன் கடைக்கு இன்று விடுமுறை விட்டிருக்கிறார். உன் அம்மா நேற்று தொடர் முடிந்த பிறகும் என்னோடு பேசினாள். போகும்போது குடை எடுத்துப் போகச் சொன்னாள்.

சான்றிதழ்களைத் தபாலில் அனுப்பலாம். ஆனால் நேரில் கொண்டுவந்து தர உன் அனுமதியைக் கேட்கிறேன். நீ தங்கியிருக்கும் விடுதிக்குள் ஆண்களை விடமாட்டார்கள் என்று தெரியும். வாசலில் நிற்கிறேன். நீ வெளியே வராவிட்டால் காவலரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எங்கேயும் உன்னைக் கொண்டுபோய் விடமாட்டேன். எப்போதாவது உனக்கே நம் வீட்டுக்கு வரத் தோன்றினால் வா. என் நாற்காலியைத் தருகிறேன். நான் தரையில் உட்கார்ந்துகொள்வேன். நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, அம்மா.

துறைமுகப் பதிவேட்டில் ஒரு விதி உண்டு. தவறாக எழுதியதைச் சுரண்டி அழிக்கக் கூடாது. எழுத்துத் தெரியும்படி ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்திட வேண்டும். புறப்பட்டுப் போன கப்பலை இன்னும் துறையிலேயே நிற்பதாக எழுதியவன் அந்த ஆபீசில் யாரும் இல்லை. ஷரீஃபுன்னிசாவின் நோட்டைக் கேட்டு வாங்கி, நேற்று இரவே பதினேழாம் நாளிலிருந்து எல்லாப் பக்கத்திலும் கோடு போட்டேன். இந்தக் கடிதத்திலும் ஒரு கோடு இருக்கிறது. முதல் பக்கத்தைத் திருப்பிப் பார். மூன்றாவதாக எழுதியது தவறு.

உன் அப்பா,
ம. கோதண்டம்