வெங்காய வேர் எண்ணிய நாட்கள்

8.2.88, திங்கள்

காலையில் பனி. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியவில்லை. பால் தாமதம். மாமா படுக்கையில் விழுந்து இன்றோடு இரண்டு வருடம். இவருடைய அப்பாவுக்கு என்னை விட்டால் ஆளில்லை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பேச்சில் மிஞ்சியது ‘சரி’ ஒன்றுதான். பசிக்கும் சரி, வலிக்கும் சரி.

பத்து மணிக்குப் பக்கத்துப் போர்ஷன் இந்திரா. லீவு போட்டிருக்கிறாள். காலேஜ் மைக்ராஸ்கோப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்தாள். அங்கே பாட்டனி எடுக்கிறாள், எம்.ஃபில். முடிக்க வேண்டும். பட்டறைக் கழிவுநீரில் வெங்காயத்தை வேர்விட வைத்து, செல் பிரிவது குறைகிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. ஸ்லைடு ஆறு. ஒன்று நல்ல தண்ணீர் வேர், மற்ற ஐந்தும் கழிவுநீர். ஒவ்வொன்றிலும் ஐந்நூறு செல் எடுத்து, எது எந்த நிலை என்று எண்ண வேண்டும். அவளுக்குப் பார்த்தாலே தலைவலி.

“அக்கா, உங்க கணக்கு நோட்டைப் பாத்திருக்கேன். ஒரு அடித்தல் கிடையாது. நீங்கதான் எண்ணணும்.”

“நான் பத்தாவதோட நின்னவ, மிஸ்.”

“அப்ப என் புஸ்தகத்தையெல்லாம் வாங்கிப் படிச்சது யாரு? உங்க மாமாவா?”

ஜன்னலோரம் மேசை போட்டோம். மைக்ராஸ்கோப்பின் அடிக் கண்ணாடியை வெளிச்சம் பார்த்துத் திருப்பினாள். “இந்தத் திருகைத் தொட்டுடாதீங்க. லென்ஸ் இறங்கி ஸ்லைடு நொறுங்கிடும். காலேஜ் சொத்து.” முதல் ஸ்லைடு, நல்ல தண்ணீர் வேர், சேர்ந்தே முடித்தோம். அவள் பார்த்துச் சொன்னாள், நான் கோடு போட்டேன். சலவைக் கணக்கு மாதிரி நாலு கோடு, குறுக்கே ஒன்று.

மறக்காமல் இருக்க:
இன்டர்ஃபேஸ் - நடுவில் சிவப்பு உருண்டை, அவ்வளவே.
புரோஃபேஸ் - உருண்டைக்குள் நூல் தெரியும்.
மெட்டாஃபேஸ் - நூல் துண்டுகள் நடுவில் வரிசை.
அனாஃபேஸ் - வரிசை இரண்டாகிப் பக்கத்துக்கொன்றாக இழுபடும்.
டெலோஃபேஸ் - இரண்டு மூலையில் இரண்டு குவியல், நடுவில் சுவர்.

9.2., செவ்வாய்

தனியாக. ஜெபம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். முதலில் தெரிந்தது என் கண்ணிமை மயிர். பிறகு செங்கல் அடுக்கியதுபோல் செல்கள். புத்தகத்தில் ஐந்தும் வரிசையாக நிற்கும். இங்கே கண்டபடி. பெரும்பாலும் வெறும் உருண்டை. நூறுக்கு ஒன்றுதான் வரிசை கட்டியது. அதைக் கண்டதும் வாய்விட்டு ‘ஸ்தோத்திரம்’ என்றேன். மாமா ‘சரி’ என்றார்.

பால்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, “இன்னாக்கா, புது தையல் மிசினா?”

“வெங்காயம் பாக்குறேன்.”

“வெங்காயத்தப் பாக்க ஒரு மிசினா! உரிச்சாலே கண்ணு அவிஞ்சி பூடுது.”

ஒரு ஸ்லைடு முடிந்தது. கழுத்து வலி. மாமாவைத் திருப்ப இருபது நிமிடம் தாமதம். முதுகில் சிவப்பு. பவுடர் போட்டேன். இனி அலாரம் வைக்க வேண்டும்.

11.2., வியாழன்

மிச்ச நாலும் முடித்தேன். இந்திரா தாளை வாங்கி, வாசலிலேயே நின்று கூட்டினாள். முகம் மலர்ந்துவிட்டது. நல்ல தண்ணீர் வேரில் புரோஃபேஸ் 41. கழிவுநீரில் 20, 18, 17 என்று இறங்குகிறது. “அக்கா, இதுதான் வேணும்! கைடு வாயே திறக்க மாட்டாங்க.”

அப்புறம் சொன்னாள். அவர்கள் லேபில் ஒரு அசிஸ்டன்ட் பிரசவ லீவு. மூன்று மாதத்துக்கு ஆள் வேண்டும். அடுத்த வாரம் ஹெட்டிடம் என்னைக் கூட்டிப் போகிறாளாம். “அதுவரைக்கும் மைக்ராஸ்கோப்பு உங்ககிட்டயே இருக்கட்டும். முதல் ஸ்லைடை வெச்சுப் பழகுங்க.”

தண்டவாளம் தாண்டி, காலேஜ் இருக்கும் கிழக்குப் பக்கம் போய் ஐந்து மாதம் ஆகிறது. கோயிலும் வீடும் இந்தப் பக்கமே. லேபில் என்ன புடவை கட்டுவார்கள்? இரவு ரசம் உப்புக் கரித்தது.

13.2., சனி

சொல்லிவிட்டேன். இவர் முதலில் சிரித்தார். “டாக்டரம்மா, காபி கிடைக்குமா?” பிறகு வெகுநேரம் பேப்பர். பிறகு, “அப்பாவை யார் பாத்துப்பா?”

“எஸ்தர் வரேன்னா.” எஸ்தர் இவருடைய தங்கை, ஊரப்பாக்கம். நேற்றே ஆள் விட்டுக் கேட்டிருந்தேன்.

“ஓ, எல்லாம் பேசி முடிச்சாச்சா.” பிறகு, “மூணு மாசம்தானே. பாப்போம்.”

மூன்று மாதம். எழுதிப் பார்க்கிறேன். மூன்று மாதம்.

15.2., திங்கள்

பழகுவதற்காக முதல் ஸ்லைடைத் தனியாக எண்ணினேன். ஒப்பிட்டால் சரியாக வர வேண்டும். வரவில்லை. அன்று சேர்ந்து எண்ணியதில் புரோஃபேஸ் 41. எனக்கு 19. மறுபடியும் 19.

ஒரே வேர், ஒரே கண்ணாடி. சாப்பிடவில்லை. அன்று அவள் என்ன செய்தாள் என்று உட்கார்ந்து யோசித்தேன். பார்க்கும்போதெல்லாம் அவள் விரல் பக்கத்திலிருந்த சின்னத் திருகில் அசைந்துகொண்டே இருந்தது. ‘தொடாதீங்க’ என்றது பெரிய திருகை. நான் பயத்தில் இரண்டையுமே தொடவில்லை. அவள் வைத்துப் போன இடத்திலேயே இத்தனை நாளும் பார்த்திருக்கிறேன்.

சின்னதை மயிரிழை திருப்பினேன். வெறும் உருண்டை என்று தள்ளியதற்குள் நூல். மெல்லிய, நூற்கத் தொடங்கிய நூல். இன்னும் திருப்பினால் மறைகிறது. பக்கத்துச் செல்லிலும். 40 வந்தது.

அப்படியானால் தனியாக எண்ணிய ஐந்தும் தப்பு. கழிவுநீர் அவ்வளவு தடுக்கவில்லை. தடுத்தது நான்.

16.2., செவ்வாய்

இந்திரா தாளை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டாளாம். எஸ்தர் சொல்லி அனுப்பினாள், திங்கள் வருகிறாளாம். இவர் மாமாவிடம், “உங்க மருமக வேலைக்குப் போறா.” மாமா, “சரி.”

வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியாது. ஜெபத்தில் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பாதியில் எழுந்துவிட்டேன்.

17.2., சாம்பல் புதன்

உபவாசம். ஆராதனைக்குப் போகவில்லை, மாமாவுக்குச் சளி. மாலை இந்திரா வந்ததும் உட்கார வைத்துக் காட்டினேன்.

“இது இன்டர்ஃபேஸ்தான் அக்கா.”

“சின்னதைத் திருப்புங்க மிஸ்.”

திருப்பினாள். கண்ணை எடுக்கவே இல்லை. வெளியே ஒரு மின்சார ரயில் போய், இன்னொன்றும் போனது. “ஆமா,” என்றாள். “அஞ்சுமா?”

“அஞ்சும். என் தப்பு.”

“உங்க தப்புன்னு நான் எங்க போய்ச் சொல்றது? நானே எண்ணினதாத்தான் கைடுகிட்ட சொல்லியிருக்கேன்.” அழவில்லை, கோபமும் இல்லை. கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தாள். “இப்ப தப்பா எண்ணிட்டேன்னு போய் நிக்கணும். அதே வாரத்துல உங்களைக் கூட்டிட்டுப் போய், இவங்களுக்கு செல் பாக்கத் தெரியும்னா? யாரு சொல்லிக் குடுத்தா, எதுல பழகினாங்கன்னு கேக்க மாட்டாங்களா? காலேஜ் மைக்ராஸ்கோப்பு வெளியில இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது.”

புரிந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் போயிருப்பேன். சொன்னதால் இல்லை.

கதவு வரை போய்த் திரும்பினாள். “மறுபடி எண்ணித் தருவீங்களா? சனிக்கிழமைக்குள்ள.”

நாக்கில் ‘மாட்டேன்’ இருந்தது. தருகிறேன் என்றேன். தப்பான கணக்கு என் கையால் போனது.

18.2., வியாழன்

எஸ்தருக்கு வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. இவர், “நல்லதாப் போச்சு, அப்பாவுக்கும் சளி,” என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். அறைக்குள் போய்த் துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி.

ஸ்லைடு 2, 3 முடிந்தது. விரல் திருகிலேயே. புரோஃபேஸ் 37, 35. முதல் தடவையை விட வேகமாக வருகிறது. தூரத்திலேயே தெரிகிறது, இது இழுபடுகிறது, இது சுவர் எழுப்புகிறது. ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. வந்து?

19.2., வெள்ளி

4, 5, 6. ஒவ்வொன்றும் இரண்டு தடவை. ஒன்றிரண்டு செல்தான் வித்தியாசம். ஐந்து தாளிலும் கீழே ‘எண்ணியது: ஜெயசீலி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தேதியும். பெருமைக்காக இல்லை. இந்தத் தடவை சரி, அதனால். கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

20.2., சனி

பனியே இல்லை, காலையிலேயே வெயில். இந்திரா ஒன்பது மணிக்கு வந்தாள். மைக்ராஸ்கோப்பைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். தாள்களைப் பார்த்தாள். குறைவு இருக்கிறது, கொஞ்சம்தான், ஆனால் இருக்கிறது. “இது போதும்கா. இதுதான் நிஜம்.” என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தாளின் அடியில் என் கையெழுத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு தாளாக, ஐந்தையும். அடுத்துச் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோயே செய்திருக்கலாம். மறைத்துச் செய்ய அவளுக்கும் மனம் வரவில்லை.

“அக்கா, கத்தரிக்கோல் இருக்கா?”

எடுத்துக் கொடுத்தேன்.